முப்பத்தாறு புள்ளி ஐந்து

புஷ்பவள்ளி புவனா லாண்டரிக்குக் கொடுக்க வேண்டிய கடன் இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு வெள்ளி எண்பது காசு. பெரும்பாலும் அவள் விழுங்காத காய்ச்சல் மாத்திரைகளுக்கான கடன் அது. கணக்கை அச்சடித்து அவள் கையில் கொடுத்த 2025 ஜனவரி மாதத்தில் அவளுடைய உடம்புச் சூடு நாற்பது புள்ளி இரண்டு. காய்ச்சல் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதே வாரம் பாசாரில் கெம்போங் மீன் கிலோ பதினெட்டு வெள்ளிக்கு விற்றது. லாண்டரியில் எல்லாரும் மீன் விலையைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசினார்கள்.

சுங்கை பினாங் ஆற்றோரம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் புவனா லாண்டரி. ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களின் பெட்ஷீட், தலையணை உறை, துவாலை எல்லாம் லோரியில் வந்து, வெளுத்து, காய்ந்து, மடிந்து, மறுபடியும் லோரி ஏறிப் போகும். புஷ்பவள்ளிக்கு அங்கே ஈரத்துணியைத் தள்ளுவண்டியில் போட்டு மெஷினிலிருந்து மெஷினுக்கு இழுக்கும் வேலை. கணவன் இறந்துபோனான், மகன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலையில் இருந்தான், அவள் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பதினான்காவது மாடியில் தனியாக இருந்தாள். 2019 தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போய்வந்த மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். காய்ச்சல் என்றால் ஒரு நாளாவது படுக்க வேண்டும், படுத்தால்தான் அது எழுந்து போகும். புஷ்பவள்ளி படுக்கவில்லை. மாதம் ஒரு நாள்கூட எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தால் நூற்றிருபது வெள்ளி அலவன்ஸ் உண்டு. ஒரே ஒரு எம்.சி. எடுத்தால் அந்த நூற்றிருபதும் போய்விடும். பிள்ளை பெற்றவளும் பல் பிடுங்கியவனும் அந்த நூற்றிருபதுக்காக நேராக வேலைக்கு வந்த இடம் அது. அதனால் அவளும் வந்தாள். போக வழி தெரியாமல் காய்ச்சலும் அவளோடேயே பஸ் ஏறி வந்தது.

மருந்துப் பெட்டி, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நடாஷாவின் மேசைக்கு அடியில் இருந்தது. காலையில் இரண்டு மாத்திரை, மத்தியானம் இரண்டு. வலிக்கும் அதேதான், காய்ச்சலுக்கும் அதேதான். இடுப்பு விட்டுப்போனாலும், விரல் நசுங்கினாலும், வீட்டில் சாவு விழுந்து கண் வீங்கி வந்தாலும் அதே வெள்ளை மாத்திரைதான். முழுங்கிவிட்டு வண்டியைப் பிடி என்பதுதான் அங்கே வைத்தியம். ஒட்டுக்கடையில் பத்து மாத்திரை மூன்று வெள்ளி. கம்பெனியில் ஒரு மாத்திரை அறுபது காசு. மாதத்துக்கு, இருபத்தாறு வேலை நாளுக்கு, அறுபத்திரண்டு வெள்ளி நாற்பது காசு ஆகும். மொத்தமாகப் பிடித்தால் ஆள் ஓடிவிடுவாள் என்று சம்பளத்தில் முப்பது மட்டும் பிடித்து, மீதியைக் கடன் என்று எழுதி அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள். மருந்து கொடுக்கிறவன் கடன்காரனாக்குகிறான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. மாத்திரை போட்டால் வலி கொஞ்சம் தள்ளி நின்றது. வண்டி இழுக்க அது போதும்.

எட்டாவது மாதம், செப்டம்பர் மழையில், காய வைக்கும் மெஷின் இரண்டும் ஒரே நாளில் படுத்துவிட்டன. மெஷின் படுக்கலாம், அதற்கு எம்.சி. தேவையில்லை. புஷ்பவள்ளிக்கு அன்று குளிர் நடுக்கம். மேலே போர்த்திக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் வண்டியில் கிடந்த ஈர பெட்ஷீட்டை எடுத்துச் சுற்றிக்கொண்டு சுவரோரம் குந்தினாள். நான்கு நிமிஷத்தில் அந்தத் துணி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. மடிப்புப் பலகையில் நின்ற சவுந்தரம் அதை உருவி, உதறி, மூன்றாக மடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்ததை அவள் தோளில் போட்டாள். அதுவும் காய்ந்தது. சவுந்தரம் ஐம்பத்தேழு வயதுக்காரி. வியப்பதற்கு அவளுக்கு நேரமில்லை, அன்றைய லோரிக்கு இன்னும் நூற்றைம்பது பாக்கி இருந்தது. சாயங்காலத்துக்குள் நூற்றைம்பதும் காய்ந்தன. லோரி நேரத்துக்குப் போனது. நேரத்துக்குப் போனதால்தான் விஷயம் மேலே தெரிந்தது. நேரம் தப்பியிருந்தால் திட்டோடு முடிந்திருக்கும்.

முதலாளி புவனேஸ்வரன் மறுநாள் வந்து, தன் கைக்குட்டையைக் குழாயில் நனைத்து அவளுடைய புறங்கையில் வைத்துப் பார்த்தார். பத்தாவது விநாடி எடுத்து முகர்ந்தார். பிறகு காய வைக்கும் மெஷின்களின் காஸ் பில்லைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, வண்டி இழுக்கும் வேலையிலிருந்து அவளை எடுத்து அதில் உட்கார வைத்தார்கள், ஒருத்தி ஈரத்துணியை அவளைச் சுற்றிப் போட இன்னொருத்தி காய்ந்ததை உருவினாள். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. காய வைக்கும் மெஷின்களில் ஒன்றை விற்றார்கள். சம்பளத்தில் ஒரு காசு ஏறவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஏன் ஏற்ற வேண்டும் என்று புவனேஸ்வரன் கேட்டார். மருந்துப் பெட்டியும் அன்றே பூட்டப்பட்டது.

“மாத்திர போட்டா சூடு எறங்கிடும்லா வள்ளி. எறங்குனா துணி எப்படிக் காயும்? நீயே சொல்லு,” என்றார் அவர், நியாயத்தைக் கையில் ஏந்தி வந்தவர்போல.

இங்கிலீஷில் ஒரு தாள் நீட்டினார்கள். புஷ்பவள்ளி கையெழுத்துப் போட்டாள். கடன் தீரும்வரை வேலையை விடமாட்டேன், உடம்புச் சூட்டைக் குறைக்கமாட்டேன், குறைத்தால் அன்றைய காஸ் செலவு என் கணக்கில் ஏறச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்ததை அவள் பின்னால்தான் தெரிந்துகொண்டாள். ஒரு தடவை அரசாங்க கிளினிக்கில் வலிக்கு, காய்ச்சலுக்கு, தூக்கத்துக்கு என்று மூன்று வகை மாத்திரை வாங்கி ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் மேல் போட்ட பெட்ஷீட்டுகள் முக்கால் மணி நேரம் ஈரமாகவே கிடந்தன. நூற்றெழுபது வெள்ளியைக் கணக்கில் ஏற்றப் போனார்கள். அழுது மன்றாடி அதை ஏற்ற விடாமல் செய்தாள், மூன்று வகை மாத்திரையையும் ரைஃபிள் ரேஞ்சில் தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு சூடு நாற்பது புள்ளி இரண்டுக்கு ஏறி அங்கேயே குடியிருந்தது.

இதற்கிடையில் ஹோட்டல்களில் ஆட்கள் தூங்க ஆரம்பித்தார்கள். புஷ்பவள்ளி மேல் காய்ந்த பெட்ஷீட்டில் படுத்தவர்கள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. இருபது வருஷமாகத் தூக்க மாத்திரை இல்லாமல் கண் மூடாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மாத்திரைப் புட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு பினாங்கிலேயே பதினாறு நாள் அதிகம் தங்கினார். விமானத்தைத் தவறவிட்டவர்கள் கோபப்படவில்லை, கொட்டாவி விட்டபடி இன்னொரு நாளைக்குப் பணம் கட்டினார்கள். ஹோட்டல்காரர்கள் அந்த அறைகளுக்குத் தனி விலை போட்டார்கள். புவனேஸ்வரன் அந்தத் துணிகளுக்குத் தனி விலை போட்டார், நான்கு துணியை வீட்டுக்கும் கொண்டுபோய், மாநகராட்சி ஆட்கள் குப்பை அள்ளும் சத்தம்கூடக் கேட்காமல் தூங்கினார். ஒவ்வொரு துணியோடும் புஷ்பவள்ளியின் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக லோரி ஏறிப் போய்விட்டது. 2019 தீபாவளிக்குப் பிறகு அவள் கண் மூடவில்லை. மூடினாலும் உள்ளே ஒன்றும் இல்லை, காலி அறைபோல இருந்தது. தூக்கம் போனது, வலி மட்டும் போகவில்லை. முட்டி, முதுகு, முழங்கை, கண்ணுக்குப் பின்னால் ஒரு முடிச்சு என்று எல்லாம் அவளிடமே இருந்தன. வலிக்குக் கிராக்கி இல்லை. இருந்திருந்தால் புவனேஸ்வரன் அதற்கும் ஒரு லோரி விட்டிருப்பார்.

எட்டாவது மாதத்தோடு மாத்திரை நின்றது, மாத்திரைக்கான காசு நிற்கவில்லை. மாதா மாதம் சம்பளச் சீட்டில் ‘உபாட்’, அதாவது மருந்து, என்று ஒரு வரி, அதற்கு எதிரே அறுபத்திரண்டு வெள்ளி நாற்பது காசு. முதல் வருஷம் அவள் நடாஷாவிடம் மூன்று முறை போய்க் கேட்டாள். நடாஷா கெட்ட பெண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள், யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்குகிறவள். அவள் கணினியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

“சிஸ்டத்துல ஒருக்கா போட்டா எடுக்க முடியாதுக்கா. லாக் ஆயிடுச்சு.”

“குடுக்காத மாத்திரைக்குக் காசா நடாஷா?”

“நான் என்னாக்கா பண்ணுவேன்? சிஸ்டம்லா.”

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எம்.சி.ஓ. என்கிற நடமாட்டத் தடை வந்து ஊர் மூடியது. ஹோட்டல்கள் மூடின, அப்புறம் தனிமைப்படுத்துகிற ஆட்களுக்காக அவற்றில் சில திறந்தன. லாண்டரிக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. வாசலில் ஜாகாவாகக் காவல் நின்ற வாசுவிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியையும் தடித்த ஒரு நோட்டையும் கொடுத்து, வருகிற எல்லாருக்கும் நெற்றிச் சூடு பார்த்து எழுதச் சொன்னார்கள். முப்பத்தேழரைக்கு மேல் இருந்தால் உள்ளே விடக்கூடாது என்பது நாடு முழுக்க இருந்த சட்டம். அந்த நாட்களில் ஒரு தும்மலுக்கு ஆளை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். முதல் நாள் வாசு கருவியைப் புஷ்பவள்ளியின் நெற்றிக்கு நீட்டினான். அது கீச்சென்று கத்தி, சிவந்து, செத்துப்போனது. புவனேஸ்வரன் புதிது வாங்கிக் கொடுத்தார்.

“அவளுக்கு மட்டும் இத நீட்டாத. முப்பத்தாறு புள்ளி அஞ்சுன்னு எழுதிக்க.”

“தெனமுமா பாஸ்?”

“தெனமும்.”

வாசு தினமும் எழுதினான். சொன்ன வேலையைச் செய்கிறவன் அவன். எம்.சி.ஓ. முடிந்தது, முகமூடி போனது, கருவியில் பேட்டரி தீர்ந்தது. நிறுத்து என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆகையால் ஐந்து வருஷமும் ஒரு நாள் விடாமல் தேதி போட்டு, ஷிப்ட் போட்டு, புஷ்பவள்ளி முப்பத்தாறு புள்ளி ஐந்து என்று எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கம்பெனி முத்திரை குத்தி வைத்தான். ஒன்பது நோட்டுகள் சேர்ந்தன. அங்கே எதையும் நிறுத்துவதற்குத்தான் ஆள் இல்லை, தொடங்குவதற்கு ஆள் இருந்தார்கள்.

புஷ்பவள்ளி கேட்டதெல்லாம் இரண்டு மாத்திரை. விழுங்கிவிட்டுப் படுக்க வேண்டும், ஒரே ஒரு முறை, விடிகிறவரை. அதற்கு முதலில் கடன் தீர வேண்டும். கடனோ மாதம் முப்பது தீர்ந்து அறுபத்திரண்டு ஏறியது. 2025 தைப்பூசம் நெருங்கும்போது அவள் இளைத்துக் குச்சியாகியிருந்தாள். தண்ணீர் குடித்தால் தொண்டைக்குள் ஆவி பறந்தது. அந்த மாதம் கம்பெனி எல்லாருக்கும் பாக்கிக் கணக்கு அச்சடித்துக் கொடுத்தது. அவள் அதைச் சவுந்தரத்திடம் நீட்டினாள்.

சவுந்தரத்துக்கு எழுத்து வந்தது நாற்பத்தெட்டாவது வயதில், மாதா கோயில் மண்டபத்தில் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக நடந்த வகுப்பில். தாமதமாக வந்த எழுத்தை அவள் விடுவதாக இல்லை. மசாலாப் பொட்டலம், பஸ் விளம்பரம், மருந்துச் சீட்டு, சுவரில் ஒட்டிய ஏலம் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றையும் உதடு அசைத்துப் படிப்பாள். புஷ்பவள்ளியின் கணக்கையும் அப்படித்தான் வரி வரியாகப் படித்தாள். அதே வாரம் வாசு ஊருக்குப் போகிறேன் என்று கணக்கு முடித்து, நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்காக வாசலில் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். சவுந்தரம் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கட்டின் மேல் உட்கார்ந்து பன் தின்றாள். தின்றுகொண்டே மேலே கிடந்த நோட்டைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு எழுந்து நேரே நாற்காலிக்குப் போய், புஷ்பவள்ளி மேல் சுற்றியிருந்த ஈரத்துணியை விலக்கிக்கொண்டு முகத்தைப் பார்த்தாள்.

“வள்ளி, ஒனக்குக் காய்ச்சலே இல்லியாம்டி. அஞ்சு வருஷமா நல்லா இருக்கியாம். சீல் குத்தி எழுதியிருக்கான்.”

“அப்ப இது யாருக்கா இங்க ஒக்காந்து எரியிறது?”

“அதத்தான் போய்க் கேப்போம். எந்திரி.”

“பெட்ஷீட்டு எண்பது இருக்குக்கா.”

“அது நாறட்டும்,” என்றாள் சவுந்தரம். அந்தக் கொட்டகையில் இருபது வருஷமாக ஒரு துணியைக்கூடத் தரையில் போடாதவள், அந்த எண்பதையும் தரையில் தள்ளிவிட்டு வந்தாள்.

ஒன்பது நோட்டையும் அழுக்குத்துணிச் சாக்கில் கட்டி இருவரும் பஸ்ஸில் ஏற்றினார்கள். புஷ்பவள்ளி உட்கார்ந்த இருக்கைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மழையில் நனைந்து ஏறிய இரண்டு மாணவிகள் மட்டும் நெருங்கி நின்று, காய்ந்ததும் நகர்ந்துகொண்டார்கள். லேபர் ஆபீசில் எண் சீட்டு எடுத்து, பாரம் நிரப்பி, மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு, நான்காவது முறை மார்ச் மாதத்தில் விசாரணைக்கு நாள் கிடைத்தது. அதுவரை புஷ்பவள்ளி லாண்டரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டால் தாளில் எழுதியதை மீறியவள் ஆகிவிடுவாள், கேஸ் நிற்காது என்றார்கள். நியாயம் கேட்கப் போனவளை நியாயம் கிடைக்கும்வரை எரியச் சொன்னது உலகம். அதில் யாருக்கும் ஒன்றும் தவறாகப் படவில்லை.

விசாரணை நாளன்று கொட்டும் மழை. நடையில் காத்திருந்தபோது புவனேஸ்வரன் புஷ்பவள்ளியின் பக்கம் வந்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது, அதுதான் கொடுமை.

“நான் ஒனக்கு என்னா கொற வெச்சேன் வள்ளி? ஒக்காந்து செய்ற வேல. தனி நாக்காலி. எத்தன பேருக்குக் கெடைக்கும்?”

சவுந்தரம் சொன்னாள்: “அந்த நாக்காலில நீங்க ஒரு ஷிப்டு ஒக்காருங்க பாஸ். துணி காயுதா, நீங்க காயிறீங்களான்னு பாப்போம்.”

விசாரித்த அதிகாரி அஸ்லான் என்கிற இளைஞர். கூரை ஒழுகி அவர் மேசையில் இருந்த கோப்புகள் நனைந்திருந்தன. புஷ்பவள்ளி உள்ளே வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மேசை மேல் இருந்த தாள்கள் ஓரம் சுருண்டு காய ஆரம்பித்தன. அவர் பேசிக்கொண்டே, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், மிகவும் நனைந்த கோப்பு ஒன்றை எடுத்து அவளுக்குப் பக்கமாகத் தள்ளி வைத்தார். சவுந்தரம் தனக்குத் தெரிந்த மலாயில், அதற்கும் ஒரு பில் போடச் சொன்னாள். அதிகாரி ஒரு கணம் விழித்து, முகம் சிவந்து, கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆறு வருஷத்தில் புஷ்பவள்ளியிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அஸ்லான் மேசையின் இந்தப் பக்கம் சம்பளச் சீட்டுகளை வைத்தார், அந்தப் பக்கம் வாசுவின் நோட்டுகளை வைத்தார். சீட்டின்படி இந்தப் பெண் தினமும் நான்கு காய்ச்சல் மாத்திரை வாங்கியிருக்கிறாள். நோட்டின்படி இவளுக்கு ஐந்து வருஷமாக ஒரு நாளும் காய்ச்சல் இல்லை. இரண்டிலும் உங்கள் கம்பெனி முத்திரை. காய்ச்சல் இல்லாதவளுக்கு எதற்கு மாத்திரை என்று கேட்டார். புவனேஸ்வரன் சிரித்து, நோட்டு சும்மா எழுதியது, நீங்களே தொட்டுப் பாருங்கள், அடுப்பு மாதிரி கொதிக்கிறாள் என்றார். ஆறு வருஷத்தில் அவள் கொதிப்பதை அவர் வெளியாள் முன்னால் வாய்விட்டுச் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அப்படியானால், என்றார் அஸ்லான், நாடே மூடிக் கிடந்த காலத்தில் நாற்பது டிகிரி காய்ச்சல்காரியைப் பொய் எழுதி உள்ளே விட்டு, அவளைத் தொட்ட துணியை ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு வேறு சட்டம் இருக்கிறது, வேறு ஆபீஸ் இருக்கிறது, நான் போன் போடவா? புவனேஸ்வரன் தன்னோடு வந்திருந்த வக்கீலைப் பார்த்தார், வக்கீல் நோட்டைப் பார்த்தார். அவளுக்குக் காய்ச்சல் ஒருபோதும் இருந்ததில்லை என்பதே கம்பெனியின் நிலை என்று வக்கீல் சொன்னார். அஸ்லான் அதை எழுதி, கையெழுத்து வாங்கி, காய்ச்சல் இல்லாத ஆளுக்கு மருந்துக் கடனும் இல்லை, சூட்டைக் குறைக்காதே என்கிற தாளும் செல்லாது என்று முடித்தார். அவளிடம் ஏற்கெனவே பிடித்த இரண்டாயிரத்து நூற்றறுபது வெள்ளியைத் திருப்பித் தருவது தனிக் கேஸ், அதற்குத் தனி பாரம், தனி எண். அந்தக் கேஸ் இன்னும் நடக்கிறது.

கடன் இல்லை என்று கடிதம் கொடுக்கக் கம்பெனிக்குப் பதினான்கு நாள் அவகாசம். அது கைக்கு வரும்வரை புஷ்பவள்ளி மாத்திரையைத் தொடவில்லை. பதினான்காம் நாள் மத்தியானம் நடாஷா அதை எடுத்துக்கொண்டு ரைஃபிள் ரேஞ்சுக்கு வந்தாள். லிஃப்ட் வேலை செய்யாததால் பதினான்கு மாடியும் ஏறி வந்து மூச்சு வாங்கினாள். அங்கே இருந்த சவுந்தரம் கடிதத்தைப் பிரித்து உதடு அசைத்துப் படித்தாள். தொழிலாளி புஷ்பவள்ளிக்கு எக்காலத்திலும் காய்ச்சல் இருந்திராத காரணத்தால் ஜனவரிக் கணக்கின்படி அவர் பேரில் உள்ள மருந்துக் கடன் இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு வெள்ளி எண்பது காசு முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது, பாக்கி இல்லை. புஷ்பவள்ளி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் விரல் பட்ட இடத்தில் தாள் லேசாகப் பழுப்பேறியது.

“சிஸ்டத்துலேர்ந்து எடுத்துட்டேன்க்கா,” என்றாள் நடாஷா, சந்தோஷமாக. “ஒரு பட்டன்தான். தட்டுனேன், போயிடுச்சு.”

“ஆறு வருஷமா அந்தப் பட்டனத் தேடிக்கிட்டு இருந்தியாம்மா?” என்றாள் சவுந்தரம்.

நடாஷா அழுதாள். புஷ்பவள்ளி அவளுக்கு ஒரு கிளாஸ் பாலில்லாத தே ஓ தேநீர் கலக்கிக் கொடுத்தாள். தண்ணீர் சூடு பண்ண அடுப்பு தேவைப்படவில்லை, கிளாஸைக் கையில் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். கடைசியாக அந்தச் சூட்டை அவள் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது அப்போதுதான், முதலும் அப்போதுதான். மீட்டர் பெட்டியில் இருந்த மாத்திரைகள் காலாவதி ஆகியிருந்தன. கீழே ஒட்டுக்கடையில் மூன்று வெள்ளி ஐம்பது காசுக்கு ஒரு அட்டை வாங்கி வரச் சொல்லி நடாஷாவிடம் காசைத் தன் பர்சிலிருந்து எண்ணிக் கொடுத்தாள். இரண்டு மாத்திரை. ஒரு வாய்த் தண்ணீர். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். கால் மணி நேரத்தில் வியர்க்கத் தொடங்கியது.

ஆறு வருஷ வியர்வை. பாயை நனைத்து, கதவுக்கு அடியில் வெளியே வந்து, நடையில் ஓடி, படிக்கட்டில் மாடி மாடியாக இறங்கியது. பதினொன்றாம் மாடி வரை உப்பு வாடை, அதற்குக் கீழே வெறும் தண்ணீர். ஒன்பது நாள் ஓடியது. குடியிருப்பவர்கள் செருப்பையும் பூந்தொட்டியையும் உள்ளே எடுத்து வைத்தார்கள், பிள்ளைகளை வழுக்கி விழாமல் போகச் சொன்னார்கள், நிர்வாகத்துக்கு ஒருவர் போன் போட்டார், நிர்வாகம் வரவில்லை. புஷ்பவள்ளி தூங்கினாள். வாயைத் திறந்து, குறட்டை விட்டு, ஒரு கையை நெஞ்சின் மேல் போட்டுத் தூங்கினாள். அதே ஒன்பது நாளும் ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களில் யாருக்கும் கண் மூடவில்லை. காலை ஆறு மணிக்கே வெளிநாட்டுக்காரர்கள் சிவந்த கண்ணோடு நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் வரிசையில் நின்றார்கள். கடைக்காரர்கள் கூடுதலாக ஒரு பானை வைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் புவனேஸ்வரன் படியேறி வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்புப் பை தொங்கியது. கையில் ஒரு பெட்ஷீட், பிழிந்த ஈரத்தோடு. அது கம்பெனித் துணி இல்லை, அவர் சொந்தக் கட்டிலுடையது. சவுந்தரம் வாசலில் நாற்காலி போட்டு, ஒரு பழைய நாளிதழை உதடு அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு சவுந்தரம். கம்பெனிக்கு இல்ல, எனக்கு. ரெண்டு நிமிஷம் அவ மேல போட்டுட்டு எடுத்துடறேன். காசு வேணாலும் குடுக்கறேன்லா.”

“அவளுக்குத்தான் காய்ச்சலே இல்லியே பாஸ். நீங்கதான் சைன் போட்டீங்க.” சவுந்தரம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். “சரி, போட்டுப் பாருங்க. போடுங்க.”

அவர் உள்ளே போய், செருப்பைக் கழற்றாமலே, துணியை விரித்து அவள் கால் மேல் போட்டார். இரண்டு நிமிஷம் நின்றார். ஐந்து நிமிஷம் நின்றார். குனிந்து துணியின் ஓரத்தைத் தொட்டார். பிறகு, ஆறு வருஷத்தில் முதல் முறையாக, கையை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எல்லா மனுஷர் நெற்றியும்போல இருந்தது. துணி ஈரமாகவே கிடந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சட்டை முன்பக்கம் நனைய, பதினான்கு மாடியும் இறங்கிப் போனார்.

அவர் போனபின் சவுந்தரம் உள்ளே போய்த் தலையணைக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவினாள். ஊறி, கூழாகாமல் பிழைத்திருந்தது. ஒரு யோசனையாக அதை விரித்துப் புஷ்பவள்ளியின் நெற்றி மேல் வைத்துப் பார்த்தாள், நூறு வரை எண்ணினாள். காயவில்லை. நல்லது என்று சொல்லிக்கொண்டு, பால்கனி மூங்கிலில் பக்கத்து வீட்டுப் பள்ளிச் சீருடைக்கும் ஒரு சாரத்துக்கும் நடுவே, இரண்டு கிளிப் போட்டு அதைத் தொங்கவிட்டாள். வெயில் சுமார்தான். கடிதம் காய மாலை நான்கு மணி ஆனது.